தளம் போடும் நாளுக்கு ஒரு படம்

சாரத்தில் யார் கால் வைத்தாலும் கீழே நின்று "பெல்ட்டு! பெல்ட்டு!" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் அவருக்கு வேலை. அதனால் சைட்டில் அவருக்குப் பெல்ட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. முன்பு அவரும் மேலே ஏறியவர்தான். இரண்டாவது மாடியிலிருந்து மணல் குவியலில் விழுந்து வலது முட்டி போனபிறகு, கம்பெனி அவர் கையில் ஒரு விசிலையும் விபத்து எழுதும் தாள்கட்டையும் கொடுத்துக் கீழே நிறுத்தியது. ஒரு மனிதன் எத்தனை விதமாக விழலாம் என்று அவரைப்போலத் தெரிந்தவர்கள் குறைவு.

அவருக்கு இருந்த ஒரே கவலை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஐந்தாவது மாடிக்குத் தளம் போடுகிறார்கள்.

தளம் போட ஆரம்பித்தால் இடையில் நிறுத்த முடியாது. பாதியில் நின்றால் போட்டது இறுகி, பிறகு போடுவது அதோடு ஒட்டாமல் தையல் விட்டுப்போகும். ஆகவே கலவை மெஷின் உருள ஆரம்பித்ததிலிருந்து கடைசிச் சட்டி கவிழும்வரை ஆண், பெண் அத்தனை பேரும் சாய்வுப் பலகைப் பாதையில் வரிசையாக நின்று கைக்குக் கை கலவைச் சட்டி மாற்றுவார்கள். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. கீழே தகர ஷெட்டில் அவர்களுடைய பிள்ளைகள் பதினேழு பேர். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை. பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஷெட்டு அக்கா.

போன தளத்தின்போது பெல்ட்டின் மகள் வாலு, ஐந்து வயதுக்காரி, ஷெட்டிலிருந்து நழுவிப் பலகைப் பாதை ஓரமாக மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டாள். லிஃப்ட் வைப்பதற்காக விட்டிருந்த குழியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். பெல்ட்டு கத்தவில்லை. கத்தினால் பிள்ளை துள்ளும் என்று தெரியும். "பிஸ்கெட் நல்லாருக்கா, கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே தரையோடு தரையாக ஊர்ந்துபோய் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அவர் மனைவி சித்தாள். சட்டி வரிசையில் மூன்றாவது வளைவு அவளுடைய இடம். சங்கதி தெரிந்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இன்னொரு தடவை ஒரு பிள்ளை அந்தப் பலகைமேல கால் வச்சுதுன்னா, சட்டியை அப்படியே போட்டுட்டு இவளைத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க விசிலோட குடும்பம் நடத்துங்க."

அவள் சொன்னால் செய்கிறவள்.

ஷெட்டைப் பூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆள் இருக்கும் ஷெட்டை வெளியே பூட்டக்கூடாது, தீப்பிடித்தால் வழியில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியவரே அவர்தான்.

சின்ன இன்ஜினியர்தான் யோசனை சொன்னார். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆளுக்கு மீசையைவிட ஆர்வம் அதிகம். "ஆபீஸ் ப்ரொஜெக்டரைக் கொண்டாந்து ஷெட்ல படம் போடலாம்ணே. எங்கிட்ட ஒரு காமெடி இருக்கு. குடும்பத்தோட உக்காந்து பாக்கற படம். பிள்ளைங்க ரெண்டு மணி நேரம் அசையாதுங்க."

"முதல்ல நாங்க பாக்கணும்" என்றார் பெல்ட்டு.

அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் எவனோ போனில் ஒரு ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து மிதந்து இறங்குவதைக் காட்டிவிட்டான். மறுநாள் செங்கல் அடுக்கின் உச்சியில் ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், தலைக்குமேல் ஆளுக்கொரு காலி சிமெண்டுச் சாக்கு.

ஆக, மேலே கம்பி கட்டி முடிந்து ஆட்கள் கொஞ்சம் மூச்சு விட்ட சனிக்கிழமை மத்தியானம், தகர ஷெட்டின் சன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். பெல்ட்டு விபத்துத் தாள்கட்டோடும் பென்சிலோடும் வந்தார். ஷெட்டு அக்கா வந்தாள். அவள் வயதில் எல்லோருக்கும் இளையவள், ஆனால் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். யாரும் அழைக்காத மேஸ்திரியும் வந்து முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

படத்தின் அட்டையில் எட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது.

"நம்மகிட்ட எட்டு வயசுல ஒண்ணு கூட இல்லையே சார்" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும் கூட்டிப் பாரு, எண்பதைத் தாண்டும்" என்றார் மேஸ்திரி. "போடுய்யா படத்தை."

கதை இதுதான். அப்பாவும் அம்மாவும் பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமா ஒருவர் வந்து சேர்கிறார். அந்த மாமா நிற்கிற இடத்தில் விழுகிறவர்.

முதல் நிமிடத்திலேயே ஏணியில் ஏறி விளக்கு மாட்டினார்.

"நிறுத்துங்க சார்" என்றார் பெல்ட்டு.

இன்ஜினியர் நிறுத்தினார். திரையில் மாமா ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றார்.

"ஏணியை யாரும் பிடிக்கல. அடியில ஈரம். மேல்படியில நிக்கறான். பெல்ட்டு இல்ல." பென்சில் நாக்கில் பட்டுத் தாளில் ஓடியது. "ம், விடுங்க."

மாமா விழுந்தார். விழுந்த இடத்தில் பெயின்ட் டப்பா இருந்தது. அதில் கால் மாட்டி, அப்படியே மாடிப்படியில் உருண்டார்.

"நிறுத்துங்க சார்."

"அண்ணே, இது காமெடிண்ணே. சிரிக்கணும்."

"எனக்கும் தெரியும் சார். மண்டை எந்தப் படியில பட்டுதுன்னு பாக்கணும். கொஞ்சம் பின்னாடி போங்க."

இப்படியே போயிற்று. மாமாவுக்கு மின்சாரம் அடித்து முடி நட்டுக்கொண்டது. இஸ்திரிப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கூரையில் ஏறிப் பட்டத்தை எடுக்கப்போய்க் கிணறுபோல இருந்த புகைபோக்கிக்குள் இறங்கினார். ஒரு இடத்தில் நாயைத் துரத்தி ஓடி, செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சுவரில் அவர் உருவத்துக்கே ஓட்டை விழுந்தது. கை, கால், காது உட்பட.

அதுவரை வாயைத் திறக்காத மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எவன்யா கட்டினான் இந்தச் சுவத்தை? காது அளவுக்குச் செங்கல் வெட்டுப்படுமா? முப்பது வருசமா சுவர் கட்டறேன், ஒரு செங்கல்லயாவது காது பாத்திருப்பேனா?"

"அது அட்டைச் சுவர் மேஸ்திரி" என்றார் இன்ஜினியர்.

"அட்டைன்னு அவன் சொன்னானா? செங்கல்னு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான். இதைப் பிள்ளைங்க பாத்தா நாளைக்கு நாம கட்டற சுவர்மேல எவனுக்கு மரியாதை இருக்கும்?"

அவரை உட்காரவைக்கப் பத்து நிமிடமும் ஒரு டீயும் ஆயிற்று.

அடுத்தது நாய். சோபாவின்கீழ் படுத்துக்கொண்டு பெரிய சத்தத்தோடு காற்று விட்டது. மாமா மயங்கி விழுந்தார்.

"இது வேணாம்ணே" என்றாள் அக்கா. "பிள்ளைங்க நாளைக்குப் பூரா இதையே பண்ணிக்காட்டுவாங்க."

"காத்து விட்டு யாரும் செத்ததில்ல, அக்கா. இதை எந்தத் தாள்லயும் எழுத முடியாது."

"நீ ஒரு தடவை எங்க லேபர் ஷெட்டுல படுத்துப் பாரு" என்றார் மேஸ்திரி. "அப்புறம் எழுதுவ."

நாய் விஷயத்தில் கருத்து ஒன்றாகாததால், சத்தத்தைக் குறைத்து வைப்பது என்று முடிவானது.

ஒரு மணி நேரம் முடிந்தபோது பெல்ட்டு பென்சிலைக் காதில் செருகிக் கணக்குச் சொன்னார். "விழுந்தது முப்பத்தொண்ணு. தலையில அடி ஒம்பது. தீக்காயம் ரெண்டு. கரண்டு ஒண்ணு. நம்ம சைட்ல ரெண்டு வருசத்துக்கே நாலுதான். இந்த ஆளை ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? அரைநாள் லீவாவது குடுத்தாங்களா? ஒரு மனுசன் இவ்வளவு விழறான், வீட்ல ஒருத்தர்கூட என்ன ஏதுன்னு கேக்கல. இது குடும்பப் படமா?"

அவர் இதுவரை ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

இரண்டாம் பாதிக்கு வந்தபோது ஷெட்டில் ஒரு நிம்மதி பரவியது. பிள்ளைகள் மாமாவிடம் கண்ணாமூச்சி ஆடலாம் என்கிறார்கள். சுவரைப் பார்த்து நின்று நூறுவரை எண்ணச் சொல்கிறார்கள். அவர் எண்ணுகிறார்.

"எங்க நிக்கறான்?" என்று கேட்டார் பெல்ட்டு.

"தரையிலண்ணே."

"ஏணி?"

"இல்லண்ணே."

"அப்ப சரி. ஆபத்தில்ல." தாளில் ஒரு டிக் விழுந்தது.

மாமா எண்ணிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி, பஸ் பிடித்து, அப்பா அம்மா வேலை பார்க்கும் ஆபீஸுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே ஒரே கொண்டாட்டம். சக்கர நாற்காலிகளில் சவாரி விடுகிறார்கள். பெரிய முதலாளி திட்டாமல் கட்டிக்கொள்கிறார். அம்மா கண் கலங்கி மூவரையும் தூக்கிச் சுற்றுகிறாள். கடைசியில் நீளமான மேசைமேல் எல்லோரும் ஆட, அப்பாவும் அம்மாவும் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கில் பார்த்தாள். "இது...?"

"புருசன் பொண்டாட்டிதானே" என்றார் மேஸ்திரி. "எத்தனை செகண்டு?"

"நாலு" என்றார் இன்ஜினியர்.

"நாலு செகண்டுல என்னத்தைப் பாத்துடும் பிள்ளைங்க. விடு."

பெல்ட்டுக்கு முத்தம் கண்ணில் படவேயில்லை. அவர் ஆபீஸைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். "படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி! பாத்தீங்களா மேஸ்திரி? லிஃப்டுக்குக் கதவு! தரையைப் பாருங்க, ஒரு ஆணி கிடக்குதா? இதுல்ல வேலை செய்யற இடம்!"

"மேசைமேல ஏறி ஆடறாங்களேண்ணே" என்றாள் அக்கா.

"ரெண்டரை அடி. அது உயரமே இல்ல."

தீர்ப்பு எழுதினார். மாமா விழுகிற பகுதி முழுவதும் வேண்டாம். கண்ணாமூச்சியிலிருந்து கடைசிவரை பிள்ளைகளுக்கு ஏற்றது.

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "அப்படிப் பாத்தா நாப்பது நிமிசம்தாண்ணே மிஞ்சும். தளத்துக்குக் கடைசி ரெண்டு மணி நேரமாச்சும் ஓட்டணுமே?"

"அதையே மூணு தடவை போடுங்க சார்" என்றார் பெல்ட்டு. "பிள்ளைங்களுக்குத் திரும்பத் திரும்பப் பாத்தாதான் மனசுல பதியும்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மெஷின் உருண்டது. பத்துமணிவரை அக்கா பிள்ளைகளை எப்படியோ சமாளித்தாள். பத்துக்குப் படம் ஓடத் தொடங்கியது. பெல்ட்டு பலகைப் பாதையின் அடியில் விசிலோடு நின்றார். ஷெட்டிலிருந்து முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை கைதட்டல் வந்தது. மூன்றாம் தடவை ஒன்றும் வரவில்லை. அவர் மனம் குளிர்ந்தது. அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப்பார்த்தார்.

திரையில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஒரு பிள்ளை இல்லை. மூலையில் ஷெட்டு அக்கா தகரச் சுவரில் நெற்றியை ஒட்டி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எழுபத்தஞ்சு... எழுபத்தாறு..."

"அக்கா! பிள்ளைங்க எங்க?"

"இருங்கண்ணே, குழப்பாதீங்க. எழுபத்தேழு. ரெண்டு தடவை விட்டுட்டு எண்ணினேன்னு முதல்லேருந்து எண்ண வச்சுட்டாங்க. எழுபத்தெட்டு..."

பெல்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் டிக் போட்டது எதற்கு என்று. விழுகிறதையெல்லாம் வெட்டிவிட்டு, பார்த்துக்கொள்கிறவரை ஏமாற்றிவிட்டு அப்பா அம்மா வேலை செய்யும் இடத்துக்கு எப்படிப் போவது என்பதை மட்டும், ஒரு பிசிறில்லாமல், மூன்று தடவை போட்டுக் காட்டியிருக்கிறார்.

வெளியே ஓடினார். ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெரியதிலிருந்து சின்னதுவரை, பதினேழு பேர். மூக்கொழுகிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பையன் கடைசியில். முன்னால் வாலு. பலகைப் பாதைக்கு இன்னும் இருபது எட்டு தூரம்தான்.

விசில் வாய்வரை போயிற்று. ஊதவில்லை. ஊதினால் பதினேழும் பதினேழு திசைக்குத் தெறிக்கும். அதில் பாதி மேலே ஏறும். ஒரு பிள்ளையைத் துரத்தவே அவர் முட்டி பத்தாது. மேலே அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது வளைவில் மனைவி தலைக்குமேல் சட்டியைத் தூக்கி நின்றாள். அடுத்த கை வாங்கும்வரை அவளால் திரும்ப முடியாது. திரும்பினால் பார்த்துவிடுவாள்.

குறுக்கே போய் மறிக்கலாம் என்று நொண்டிக்கொண்டு ஓடினார். மெஷினிலிருந்து சிந்திய கலவைத் தண்ணீரில் கால் வைத்தார். இரண்டு காலும் வானத்துக்குப் போயின. தொப்பி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். முதுகு தரையில் பட்டபோது தப்பென்று ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல.

ஊர்வலம் நின்றது.

பிறகு மூக்கொழுகி முதலில் சிரித்தான். அப்புறம் பதினேழும்.

"அப்பா!" என்றாள் வாலு. "இன்னொரு தடவை!"

பெல்ட்டு படுத்தபடியே நிலைமையைக் கணித்தார். மெஷின்காரர் இன்னும் பன்னிரண்டு சுற்று பாக்கி என்று கையைக் காட்டினார். முக்கால் மணி நேரம். எழுந்தார். பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஷெட்டுப் பக்கமாக நாலு எட்டு பின்வாங்கி, அதேபோல மறுபடி விழுந்தார்.

சிரிப்பு வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. பிள்ளைகள் நாலு எட்டு கிட்டே வந்தார்கள்.

மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. "அதே மாதிரி விழுந்தா எப்படி?" என்றான் ஏழு வயதுக்காரன் ஒருவன், கையைக் கட்டிக்கொண்டு. இரண்டு பிள்ளைகள் பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அது போதும் அவருக்கு. உயிர்போகிற அவசரத்தில் அவர் வாழ்க்கையில் எழுதிய அத்தனை தாளும் கண்ணுக்குமுன் புரண்டது. மண்வெட்டியை மிதித்தார். அதன் காம்பு எழும்பி நெற்றியில் அடித்தது. மேலே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். காலி வாளியில் காலை விட்டு நொண்டினார். ஒவ்வொரு தடவை விழும்போதும் நாலு எட்டு ஷெட்டை நோக்கி நகர்ந்தார். பிள்ளைக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

ஐந்தாவது மாடி விளிம்பிலிருந்து மேஸ்திரி கத்தினார். "யோவ் பெல்ட்டு! என்னய்யா பண்ற கீழே?"

"படம் ஓட்டறேன்!" என்று கத்திவிட்டுத் தள்ளுவண்டிக்குள் தலைகீழாக விழுந்தார். வண்டி அவரையும் சுமந்துகொண்டு சரிவில் தானாக ஓடி, ஷெட்டு வாசலில் இடித்து நின்றது. அதற்குக் கிடைத்த கூச்சலில் தகரமே அதிர்ந்தது.

அக்கா நூறை முடித்துவிட்டு வெளியே வந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் விரித்து, கோழிகளை அடைப்பதுபோல எல்லோரையும் உள்ளே தள்ளினாள். தானே வாசலை அடைத்துக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "ஆரம்பிங்கண்ணே" என்றாள்.

உள்ளே மீதி அரைமணி நேரமும் பெல்ட்டு விழுந்தார். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவர்மேல் அடித்தது. அவருக்குப் பின்னால் திரையில் ஆபீஸ்காரர்கள் நாலாவது தடவையாக நாற்காலியில் சவாரி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. சின்ன இன்ஜினியர் மேலிருந்து ஓடி வந்தார். வந்தவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் சிரிப்பு தாங்காமல் சாக்குக் கட்டின்மேல் சாய்ந்தார். சாக்குக் கட்டு சரிந்தது. பிள்ளைகள் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

ஒரு மணிக்கு மெஷின் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்துக்கொண்டது.

முதலில் வந்தது அவர் மனைவி. முழங்கைவரை கலவை காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. அக்காவைத் தாண்டி உள்ளே வந்தாள். புருசனைப் பார்க்கவில்லை. அந்தக் கையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினேழாவதாக வாலுவின் தலையில் கை வைத்து, அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பலகைமேல யாராவது கால் வச்சாங்களா?"

"ஒருத்தரும் வைக்கல" என்றார் பெல்ட்டு. நெற்றி புடைத்திருந்தது. சட்டையிலிருந்து சிமெண்டுத் தண்ணீர் சொட்டியது. முட்டி வீங்கிக் கால்சட்டைக்குள் முட்டைக்கோஸ்போல நின்றது.

"அம்மா, அப்பா முப்பது தடவை விழுந்தாரு!" என்றாள் வாலு.

"பொய். இருபத்தாறு" என்றார் பெல்ட்டு.

அவள் ஒரு சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்கிறாள். வாலு அவள் மடியில் ஏறிக்கொண்டாள். அண்ணன் வீட்டைப் பற்றிப் பேச்சு வருமோ என்று பெல்ட்டு சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருந்து பாதிதான் தெரிஞ்சுது" என்றாள் கடைசியில். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "சட்டி தலைமேல இருக்கு, சிரிக்கவும் முடியல. அந்தத் தள்ளுவண்டியில விழுந்தீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை."

"முட்டி போச்சு புள்ள."

"ஒரே தடவைங்க."

பெல்ட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே வண்டியை எடுத்துவர வெளியே போனார்.